வில்லனுக்கு எதுக்கு அம்மா

பெரம்பூர் மேம்பாலத்தடியில்
மழை விடட்டுமென்று நின்ற நால்வரில்
மூவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
சண்டை துருவேந்தனைப் பற்றி.

எஃகனின் ஜென்ம விரோதி அவன்.
தொட்ட இரும்பு பொடியாகும்.
முதல் இதழிலேயே துறைமுகத்துக் கிரேனை
முருங்கைக்காய்போல் ஒடித்துப் போட்டவன்.

"வில்லனுக்கு எதுக்குங்க அம்மா?"
எபிநேசர் கேட்டான்.
கோச் ஃபேக்டரியில் வெல்டர்.
நியாயமாக இரும்பின் கட்சியில் இருக்க வேண்டியவன்.
"முப்பது புக்கு வரைக்கும்
எங்கேர்ந்து வந்தான்னே தெரியாது. அதான் கெத்து.
முப்பத்தொண்ணுல டீமை மாத்துனாங்க.
உடனே ஒரு குடிசை, ஒரு காய்ச்சல்,
இருமிக்கிட்டே ஒரு அம்மா.
இப்போ அவனைப் பார்த்தா
பத்து ரூபா குடுத்து அனுப்பலாம்னு தோணுது."

நஸ்ரீன் ஒத்துக்கொள்ளவில்லை.
பல் மருத்துவம், மூன்றாம் ஆண்டு.
யாரைப் பார்த்தாலும் அவளுக்கு வாய்தான் முதலில்.
பழைய ஓவியர் நாகலிங்கம்
கீழ்வரிசைக்குப் பதினோரு பல்தான் போடுவாராம்.
புதுப்பையன் ரோஷன்
பதினாறும் வைத்திருக்கிறான், கடைவாய் உட்பட.
"பல்லு சரியா இருந்தா பயம் போயிடுமா?
சரியா இருந்தாத்தானே கடிக்க முடியும்?"

தீர்த்தகிரி மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர்.
நனையாமல் காப்பாற்றிய ஒரே பொருள்
அவருடைய முப்பத்தொன்பதாம் இதழ்,
பால் கவருக்குள்.
பழைய கதாசிரியர் ஏன் போனார் என்பதற்கு
அவரிடம் ஒரு காரணம் இருந்தது.
எபிநேசரிடம் வேறொன்று.
பணம் தரவில்லை,
ஓவியரோடு பேச்சுவார்த்தை இல்லை,
சினிமாவுக்குப் போய்விட்டார்.
ஓசூரில் டயர் கடை வைத்திருக்கிறார்,
நிம்மதியாக இருக்கிறார் என்று
நான் சொல்லவில்லை.
நாகலிங்கத்துக்கு வலது கண்ணில் புரை,
பல் பதினொன்றுக்கு மேல்
எண்ண வரவில்லை என்பதையும்.

கடைசிப் பக்கத்தில்
அச்சக முகவரிக்கும் கீழே
எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி:
எழுத்துகள் – கோ. சங்கிலிமுத்து.
அவ்வளவு தூரம் யாரும் இறங்கி வந்ததில்லை.

"ஆனா அந்தச் சிரிப்பு மட்டும்
ரெண்டு டீம்லயும் மாறவேயில்ல பாருங்க"
தீர்த்தகிரி சொன்னார்.
மூவரும் முதன்முறையாக அமைதியானார்கள்.
மழைச் சத்தம் கேட்டது.
ஐம்பத்தேழாம் நம்பர் பஸ் ஒன்று
எங்கள் முழங்கால்வரை தண்ணீரை வீசிப் போனது.

கதைத்தாளில் எப்போதும் ஒரே சொல்தான் இருக்கும்:
சிரிக்கிறான்.
ஹ போட்டுச் சிரிப்பவர்கள் கூத்தில் வருகிற ராஜாக்கள்.
நான் காசிமேட்டில் குடியிருந்த வீட்டின் கேட்
உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் பேசத் தொடங்கியது,
க்ர்ர்ரீ... க்.
அதைத்தான் எழுதினேன்,
ர ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் கோணலாக.
வீட்டுக்காரர் ஒருநாள் எண்ணெய் விட்டார்.
அதற்குப் பிறகு நினைவிலிருந்து.

"நீங்க படிப்பீங்களா சார்?" என்றாள் நஸ்ரீன்.
எப்பவாவது, என்றேன்.
சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி,
நாற்பதாம் இதழின் கடைசிப் பக்கம்
சூடாக இருந்தது.
"சாகடிச்சிடுவாங்களா அவனை?"
மழை விட்டுருச்சு, என்றேன்.
விடவில்லை.

இரவு மணி ஒன்று.
மேசையில் கடற்கரை, குப்புற ஒரு பெரிய உடல்,
அருகில் துருப்பிடிக்காத தகர டப்பா.
ரோஷன் நன்றாகத்தான் வரைந்திருக்கிறான்.
மேலே வெறும் பலூன்.
கதைத்தாளில் மூன்றே புள்ளி.
ஒன்று வைத்தேன்.
இரண்டு.
கடைசியை வைத்தால் முடிந்தது,
வைத்தேன்.
பேனாவை மூடப் போனவன்
இன்னொன்றும் வைத்தேன்,
சற்றுத் தள்ளி,
மை தெறித்ததுபோல.

நஸ்ரீன் எண்ணுவாள்.